ஒட்டுவதா, திறந்தே வைப்பதா

மரமும் மங்கல் கண்ணாடியும் கொண்டு செய்த மூன்று சிற்றறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை. மேசைமேல் எழுதுதாள், எழுதுகோல், உறைகள். உள்சுவரில் கடிதங்களைச் செருகி வைக்கச் சிறு தட்டுகள். தைவானில் 1964இல் பிறந்து அமெரிக்காவில் கலை பயின்ற லீ மிங்வே 1998இல் உருவாக்கிய ‘கடிதம் எழுதும் திட்டம்’ என்ற நிர்மாணக் கலைப் படைப்பில் கண்ணில் படுவது இவ்வளவே. பார்க்க வருகிறவர் காலணியைக் கழற்றிவிட்டு ஓர் அறைக்குள் போகிறார். சொல்ல நினைத்துச் சொல்லாமலே போன நன்றியையோ, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்ட மன்னிப்பையோ உரியவருக்கு எழுதுகிறார். உறையில் போட்டு ஒட்டி முகவரி எழுதிவிட்டால், அருங்காட்சியகமே அதைத் தபாலில் சேர்த்துவிடும். ஒட்டாமல் விட்டால் கடிதம் அந்தச் சுவரிலேயே இருக்கும். அடுத்து வருகிறவர் எடுத்துப் படிக்கலாம்.

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடக்கூடிய படைப்பு. ஆனாலும் இதைப் பற்றி நின்று நிதானமாகப் பேச எனக்கு ஆசை. காரணம், இதில் தற்செயலாக வந்தது எதுவுமில்லை. கண்ணாடி ஏன் மங்கலாக இருக்கிறது, மேசை ஏன் மூன்று உயரங்களில் இருக்கிறது, உறையை ஒட்டும் உரிமை ஏன் எழுதியவரிடமே விடப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், மன்னிப்பு கேட்பது என்ற காரியத்தை இந்த மனிதர் எவ்வளவு நுட்பமாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்பது விளங்கும்.

லீயின் தாய்வழிப் பாட்டி இறந்தபோது, அவரிடம் சொல்ல வேண்டியவை பேரனிடம் மிச்சமிருந்தன. அடுத்த ஒன்றரை ஆண்டு, பாட்டி எங்கோ உயிரோடு இருப்பதுபோலவே அவருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1995இல் செய்த ‘லில்லியோடு நூறு நாட்கள்’ என்ற படைப்பும் அதே இழப்பிலிருந்து பிறந்தது. நார்சிசஸ் கிழங்கு ஒன்றைத் தொட்டியில் நட்டு, நூறு நாள் போகும் இடமெல்லாம் அதைக் கையோடு கொண்டுபோனார். அது முளைத்தது, பூத்தது, வாடியது. செடி செத்த பிறகும் நாள் முடியும்வரை அதைக் கைவிடவில்லை. அந்தப் படைப்பில் துக்கம் அவருடையது; நாம் பார்வையாளர்கள். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த கடித அறைகளில் அவர் ஒரு பெரிய காரியம் செய்தார். தன் துக்கத்தைக் காட்சிக்கு வைக்காமல், அந்தத் துக்கத்தில் தனக்குக் கைகொடுத்த செயலை மட்டும் எடுத்து, அதற்கு ஓர் இடம் கட்டி, மற்றவர்களிடம் கொடுத்துவிட்டார். படைப்பிலிருந்து தன்னை இவ்வளவு முழுமையாக விலக்கிக்கொள்ளும் துணிச்சல் கலைஞர்களிடம் அபூர்வம்.

இது முதலில் வைக்கப்பட்டது நியூயார்க்கில், விட்னி அருங்காட்சியகம் பிலிப் மோரிஸ் நிறுவனக் கட்டடத்தில் நடத்திவந்த கிளைக்கூடத்தில். நகரின் நெரிசல் மிகுந்த அலுவலகப் பகுதி அது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைக் குனிந்து காலணியைக் கழற்றச் சொல்கிறது இந்தப் படைப்பு. நமக்கு வாசலில் செருப்பை விடுவது மூச்சு விடுவதுபோல, யோசிக்காமலே நடந்துவிடும். குளிர்கோட்டும் பூட்ஸுமாக வந்த ஒரு நியூயார்க் அலுவலருக்கு அப்படியில்லை. பொது இடத்தின் நடுவே குனிந்து கயிற்றை அவிழ்த்து, காலுறையோடு நிற்பது அவருக்கு ஒரு சிறு கூச்சம், ஒரு சிறு இழப்பு. மன்னிப்புக் கடிதத்தின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே அவர் உடம்பு ஒருமுறை குனிந்துவிடுகிறது. உள்ளே ஆள் இருப்பதைச் சொல்ல வாசலில் கிடக்கும் அந்தக் காலணியே போதும். அறிவிப்புப் பலகை எதுவும் தேவைப்படாத மரியாதை அது.

அடுத்து அந்தக் கண்ணாடி. தெளிந்த கண்ணாடியாக இருந்திருந்தால் எழுதுகிறவர் காட்சிப் பொருளாகியிருப்பார். கெட்டியான பலகையாக இருந்திருந்தால் ஒளிந்துகொண்டவராகியிருப்பார். மங்கல் கண்ணாடி இரண்டுக்கும் நடுவே அவரை வைக்கிறது. அறைக்குள் இருக்கும் வெளிச்சத்தில் அவர் ஓர் உருவமாக மட்டும் வெளியே தெரிவார். தலை கவிழ்ந்திருப்பது தெரியும். முகம் தெரியாது, எழுத்தும் தெரியாது. வெளியே நிற்கிறவருக்கு, இங்கே ஒருவர் யாருக்கோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற ஒரு செய்தி மட்டும் போகிறது. அந்த ஒரு செய்தியே அவரையும் தன் வாழ்க்கையில் யாருக்கு எழுத வேண்டும் என்று எண்ணவைக்கும். உள்ளே இருப்பவருக்கோ, வெளியே ஆட்கள் நடமாடுவது நிழலாகத் தெரிந்துகொண்டிருக்கும். தனியாக இருக்கிறார், ஆனால் கைவிடப்பட்டவராக இல்லை. ஒரு மனிதர் தன் தவறை ஒப்புக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வெளிச்சத்தை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

கத்தோலிக்கத் தேவாலயங்களில் பாவசங்கீர்த்தனக் கூண்டைப் பார்த்திருப்பீர்கள். மரத்தால் ஆனது, ஒருவர் மட்டும் உள்ளே போவது, முழங்காலில் நிற்பது என்று பல விதத்தில் லீயின் அறைகள் அதை நினைவூட்டும். ஆனால் அங்கே தடுப்புக்கு அப்பால் ஒரு குரு இருக்கிறார். அவர் கேட்கிறார், அறிவுரை சொல்கிறார், பாவமன்னிப்பு அளிக்கிறார். லீயின் அறையில் அப்பால் யாருமில்லை. மன்னிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் வேறு ஊரில், வேறு வீட்டில், ஒருவேளை வேறு உலகத்தில் இருக்கிறார். நடுவில் எவரும் அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்ள இந்தப் படைப்பு இடம் தருவதில்லை. கலைஞர்கூட எடுத்துக்கொள்வதில்லை. அதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

மூன்று அறைகளும் மூன்று இருப்புநிலைகளுக்காகச் செய்யப்பட்டவை. ஒன்றில் நின்று எழுதலாம், ஒன்றில் உட்கார்ந்து, ஒன்றில் மண்டியிட்டு. நன்றி, உள்தெளிவு, மன்னிப்பு என்ற மூன்று மனநிலைகளும் இவற்றோடு சேர்த்தே நினைக்கப்பட்டவை. லீ சிறுவயதுக் கோடை விடுமுறைகளைத் தைவானில் ஒரு சான் பௌத்த மடத்தில் கழித்தவர். ஜப்பானுக்குப் போய் ஜென் என்று பெயர் மாறியதும், காஞ்சியிலிருந்து போனவர் என்று மரபு சொல்லும் போதிதர்மரை முதல் ஆசானாகக் கொண்டதும் அந்தச் சான் நெறிதான். தியானத்தில் உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மனமும் இருக்கும் என்ற பாடம் அங்கே பயிலுகிறவருக்குப் புதிதாகச் சொல்லித்தரப்பட வேண்டியதில்லை. அது முதுகெலும்பிலேயே ஏறிவிடும். எழுத்து மேசையின் உயரத்தை மாற்றுவதன் மூலம் லீ அந்தப் பாடத்தை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நமக்குக் கொடுத்துவிடுகிறார்.

மண்டியிட்டு எழுதும் அறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாற்காலியில் சாய்ந்து எழுதும் மன்னிப்புக் கடிதத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. இடம் வசதியாக இருந்தால் காரணங்கள் வளரும். அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, நான் சொன்னதை நீ தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று பக்கம் நிறையும். கடைசியில் மன்னிப்பு கேட்டவரே வழக்கில் ஜெயித்துவிடுவார். முழங்கால் தரையில் பட, உடம்பின் எடை முன்னால் சாய எழுதுகிறவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. கால் மரத்துப்போகும். வாதத்துக்கு அந்த நிலை ஒத்துவராது. நான் செய்தது தவறு என்ற வரி அங்கே சீக்கிரம் வந்துவிடும் என்று நம்புகிறேன். வந்தபின் அதோடு ‘ஆனால்’ என்று தொடர்வதற்கு உடம்பு சம்மதிக்காது. இன்னொன்றும் உண்டு. யாரும் பார்த்து மெச்சாத, யாரும் கட்டாயப்படுத்தாத மண்டியிடல் இது. எதிரே மேசையும் தாளும்தான். அவமானம் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. மண்டியிட மனமில்லாதவருக்கோ உடம்பு இடம் தராதவருக்கோ பக்கத்திலேயே மற்ற இரண்டு அறைகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுபோலவே கனிவானவை.

இதோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொரு படைப்பும் நியூயார்க்கைச் சேர்ந்ததுதான். 1980இல் ஆலன் பிரிட்ஜ் என்ற கலைஞர் மன்ஹாட்டன் தெருச் சுவர்களில் ஒரு துண்டறிக்கையை ஒட்டினார். நீங்கள் மனிதர்களுக்குத் தீங்கு செய்திருக்கிறீர்கள், அரசிடமும் கடவுளிடமும் போவதை விட்டு மனிதர்களிடமே மன்னிப்பு கேளுங்கள் என்ற பொருள்பட எழுதி, ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார். அந்த எண்ணில் அழைத்தால், பேச்சைப் பதிவு செய்யும் இயந்திரம் ஒன்று எடுக்கும். பெயர் சொல்ல வேண்டாம். ‘அப்பாலஜி லைன்’ என்று பெயர் பெற்ற இந்த முயற்சிக்குப் பின்னே பிரிட்ஜின் சொந்தக் குற்றவுணர்ச்சியும் இருந்தது. கடைகளில் பொருள் திருடும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. சின்னப் பொய்கள் முதல் பெருங்குற்றங்கள் வரை எல்லாம் அந்த நாடாவில் பதிவாயின. பின்னர், மற்றவர் பேசியதைக் கேட்கவும் பதில் சொல்லவும்கூட வழி செய்தார். 1995இல் கடலில் நீருக்கடியில் நீந்தி வெளிவந்தபோது ஜெட் ஸ்கி மோதி அவர் இறக்கும்வரை, பதினைந்து ஆண்டுகள் இது நடந்தது.

பிரிட்ஜின் இயந்திரத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. நள்ளிரவில் ஒருவருக்கு வாய்விட்டுச் சொல்லத் தோன்றினால் கேட்க ஒரு நாடாவாவது விழித்திருந்தது. ஆனால் அந்த மன்னிப்புகளுக்குப் போய்ச் சேரும் இடம் இல்லை. பணத்தைப் பறிகொடுத்த முதலாளிக்கும், அடிவாங்கிய தம்பிக்கும் அந்தக் குரல் போகவே போகாது. தெரியாதவர் ஒருவர் வேறொரு தெரியாதவரின் குற்றத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். லீ எடுத்துக்கொண்டது அந்த இடைவெளியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. குரலுக்குப் பதில் கையெழுத்து, இயந்திரத்துக்குப் பதில் உறை. உறை என்று ஒன்று வந்தவுடன் அதன்மேல் ஒரு பெயர் எழுதியாக வேண்டும்.

இந்த உறைதான் படைப்பின் உயிர். எழுதி முடித்தவர் கடிதத்தை மடித்து உள்ளே வைக்கிறார். இப்போது கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒட்டி, முகவரி எழுதி, அனுப்பக் கொடுக்கலாம். ஒட்டி, முகவரி இல்லாமல் விடலாம். ஒட்டாமலே தட்டில் செருகலாம். எச்சில் தொட்டோ தண்ணீர் தொட்டோ ஒட்டுகிற அந்தக் காகித மடலில் ஒரு முழு வாழ்க்கையின் துணிச்சல் அடங்கியிருக்கிறது. கடிதம் எழுதுவதுவரை அது எழுதுகிறவருக்கும் அவருடைய மனசாட்சிக்கும் நடுவிலான விஷயம். மடலை ஒட்டி வீட்டு எண்ணும் தெருவும் எழுதிய கணத்திலிருந்து இன்னொரு மனிதர் உள்ளே வந்துவிடுகிறார். அந்தக் கணத்தில் கை தயங்கியே தீரும். அந்தத் தயக்கத்துக்குத் தனியாக ஓர் இடமும் நேரமும் கொடுத்திருப்பதுதான் லீயின் பெரிய சாதனை.

ஒட்டாத கடிதங்களின் கதை வேறு. அடுத்து உள்ளே வருகிறவர் எதையும் எழுதும் எண்ணம் இல்லாமலே வந்திருக்கலாம். சுவரில் இருக்கும் ஒன்றை எடுத்துப் படிக்கிறார். யாரோ ஒருவர் தன் அம்மாவுக்கோ பழைய தோழிக்கோ எழுதியது. படிக்கப் படிக்கத் தன்னிடமும் அப்படி ஒன்று தேங்கிக் கிடப்பது தெரிகிறது. எதிரே தாள் இருக்கிறது, எழுதுகோல் இருக்கிறது. இப்படி ஒருவர் விட்டுச்சென்ற கடிதம் இன்னொருவரை எழுதவைக்க, அது மற்றொருவரை எழுதவைக்க, அறைகள் தாமே நிரம்பிக்கொண்டு போகின்றன. கண்காட்சியின் முதல் நாளில் சுவர்த் தட்டுகள் காலியாக இருக்கும். அன்றைக்கு முதலில் உள்ளே போய் எழுதுகிறவருக்குத் துணையாக ஒரு கடிதமும் இல்லை. அந்த முதல் ஆளை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் அவர் போட்ட தடத்தில் நடந்தவர்கள்தான்.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். கடிதம் உரியவர் கைக்குப் போனாலும் போகாவிட்டாலும் எழுதியவருடைய மனம் ஆறுகிறது, அதுதான் முக்கியம் என்பதே இந்தப் படைப்பைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். நன்றிக் கடிதத்துக்கு அது சரி. இறந்தவர்களுக்கு எழுதும் கடிதத்துக்கும் சரி. அங்கே வேறு வழியே இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்புக்கு அந்த விளக்கம் போதாது. தவறு இழைத்தவருக்கு மனம் ஆறிவிட்டது, இழைக்கப்பட்டவருக்குச் செய்தியே தெரியாது என்றால், அந்த ஆறுதலில் ஏதோ குறைகிறது. சுவரில் திறந்து கிடக்கும் மன்னிப்பை நூறு பேர் படிக்கலாம், கண் கலங்கலாம். படிக்க வேண்டிய ஒருவர் படிக்கவில்லையே. ஆகையால் என் கணக்கில் இந்தப் படைப்பின் மிக அழகான பகுதி, அருங்காட்சியகத்தில் பார்க்கவே கிடைக்காதது. ஒட்டப்பட்டு, தபால்தலை ஒட்டி, வாசல் தாண்டிப் போய்விட்ட கடிதங்கள் அவை.

தபால் என்ற வழியைத் தேர்ந்ததில் இன்னும் ஒரு நயம் இருக்கிறது. நேரில் வந்து நின்று மன்னிப்பு கேட்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ எதிரே இருப்பவரை நெருக்கிவிடுகிறார். பதில் உடனே வேண்டும் என்று அவர் கண் கேட்கும். சுற்றி நாலு பேர் இருந்தால் இன்னும் மோசம். பரவாயில்லை என்று சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் காயம்பட்டவர் தலையில் விழும். கடிதம் அப்படிச் செய்வதில்லை. பெற்றுக்கொண்டவர் அதை உடனே பிரிக்க வேண்டியதில்லை. அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். படித்துவிட்டுப் பதில் எழுதாமல் இருக்கலாம். பிரிக்காமலே கிழித்தும் போடலாம். மன்னிக்காமல் இருக்கும் உரிமையைக் கடிதம் பத்திரமாக அவர் கையில் வைக்கிறது. இன்று கைப்பேசியில் போகும் செய்திக்குப் பக்கத்தில் படித்தாயிற்று என்று இரண்டு நீலக் கோடுகள் தோன்றிவிடுகின்றன. அனுப்பியவர் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். மன்னிப்புக்கு அவ்வளவு வேகமான வழி நல்லதில்லை. தபால்காரர் கொண்டுபோகும் சில நாள் தாமதத்தில், அனுப்பியவருடைய பதற்றமும் கொஞ்சம் அடங்கும்.

முகவரி இல்லாத, அனுப்ப முடியாத கடிதங்களை என்ன செய்வது? அவற்றைச் சடங்குபோல எரித்துவிடுவதே லீயின் முறை. மூதாதையருக்குக் காகிதத்தை எரித்து அனுப்பும் வழக்கம் உள்ள சமூகத்திலிருந்து வந்தவர் அவர். அங்கே எரிப்பது என்பது அழிப்பது ஆகாது. போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைப்பது. பாட்டிக்கு ஒன்றரை ஆண்டு எழுதிய பேரனுக்கு இதைவிடப் பொருத்தமான தபால் நிலையம் இல்லை. சேகரித்து வைத்தால் பெரிய ஆவணக் களஞ்சியமாகியிருக்கும். தொகுத்து நூலாக்கினால் விற்கவும் விற்றிருக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் நெருப்பிடம் ஒப்படைப்பது, எழுதியவர்களுக்கு அவர் காட்டும் விசுவாசம்.

லீயின் மற்ற படைப்புகளையும் அறிந்தால் இந்த அறைகளின் பொருள் இன்னும் துலங்கும். அவர் கலிபோர்னியாவில் முதலில் பயின்றது நெசவுக் கலை. பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை. அந்த நூல் உறவு ‘தைத்துச் சேர்க்கும் திட்டம்’ என்ற 2009ஆம் ஆண்டுப் படைப்பில் வெளிப்படையாக வருகிறது. ஒரு நீண்ட மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், பின்சுவர் முழுக்கப் பல வண்ண நூற்கண்டுகள். வருகிறவர் கிழிந்த சட்டையோ போர்வையோ கொண்டுவந்து கொடுக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை அங்கேயே தைக்கிறார். தைக்கும்போது பேச்சு நடக்கிறது. இதன் வேர் 2001 செப்டம்பர் 11இல் இருக்கிறது. லீயின் வாழ்க்கைத்துணை உலக வர்த்தக மையத்தில் வேலை பார்த்தவர். அன்று உயிர் தப்பினார். அந்த மாலையில் லீ வீட்டில் தைக்க வேண்டிய துணிகளை எடுத்துவைத்துக்கொண்டு தைக்கத் தொடங்கினார்.

கிழிசல் தெரியாமல் தைப்பதுதான் நல்ல தையல்காரருக்கு அடையாளம் என்று நாம் நினைப்போம். லீ நேர்மாறாகச் செய்கிறார். துணியின் நிறத்துக்கு ஒட்டாத நூலைத் தேர்ந்து, கிழிந்த இடம் பளிச்சென்று தெரியும்படி தைக்கிறார். இங்கே ஒரு காயம் இருந்தது, இங்கே ஒருவர் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார் என்ற இரண்டு உண்மைகளையும் அந்த நூல் மறைக்காமல் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. தைத்து முடித்த நூலை அறுப்பதில்லை. சட்டையிலிருந்து கிளம்பும் நூல் சுவரில் இருக்கும் கண்டுவரை நீண்டு நிற்கிறது. நாள் போகப் போக மேசையில் துணிகள் குவிகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் சுவருக்குப் போகிறது. ஒருவரையொருவர் அறியாதவர்களின் துணிகள் ஒரே சுவரில் கட்டுண்டு கிடக்கின்றன. கண்காட்சி முடியும்போது உரியவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். 2017இல் வெனிஸ் பியனாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியிலும் இது வைக்கப்பட்டது. நடந்த தவறை நடக்காததுபோல் ஆக்க முயலும் மன்னிப்புகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த வண்ண நூல் ஒரு நல்ல பாடம்.

அதே 2009இல் லியோன் பியனாலேவுக்காகச் செய்த ‘நகரும் தோட்டம்’ பற்றி ஒரு வரி போதும். நீண்ட கருங்கல்லின் பிளவில் பூக்கள் நிறுத்தப்பட்டிருக்கும். ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் போகும் வழியை மாற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். அழகான எண்ணம்தான். கடித அறைகளின் கனம் அதற்கு இல்லை. தெரியாதவருக்குப் பூ கொடுப்பது எளிது. நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு, நாம் புண்படுத்திய ஒருவருக்கு, ஒரு தாள் எழுதுவதுதான் கடினம்.

இத்தகைய படைப்புகளைப் பற்றி விமரிசகர்களிடையே பெரிய விவாதம் உண்டு. கலைப்பொருளைக் காட்டிலும் அது மனிதர்களுக்கு இடையே உண்டாக்கும் உறவே கலை என்று வாதிட்டு, பிரெஞ்சு விமரிசகர் நிக்கோலா பூரியோ தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும் 1998இல்தான். அந்த வாதத்துக்கு 2004இல் எழுதிய மறுப்பில் விமரிசகர் கிளேர் பிஷப், எந்த விதமான உறவு, யாருக்கு, எதற்காக என்று கேட்க வேண்டும் என வலியுறுத்தினார். எல்லோரும் கூடிச் சிரித்துவிட்டுப் போவது மட்டும் கலை ஆகிவிடாது என்ற அவருடைய சந்தேகம் நியாயமானது. லீயின் கடித அறைகளுக்கு அந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் அவை தாக்குப்பிடிக்கின்றன என்பது என் முடிவு. இங்கே யாரும் கூடுவதில்லை, கொண்டாடுவதில்லை. ஒருவர் தனியே உள்ளே போய், தான் முறித்த ஓர் உறவை எதிர்கொள்கிறார். உறவு இனிமையானது என்று இந்தப் படைப்பு பொய் சொல்வதில்லை. அது முறியக்கூடியது, முறித்தவர் நாமாகவே இருக்கலாம் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

டோக்கியோவின் மோரி கலை அருங்காட்சியகம் 2014இல் லீயின் படைப்புகளைத் திரட்டி வைத்த பெரிய கண்காட்சியிலும் இந்த அறைகள் இருந்தன. ஆங்கிலம் எழுதப்பட்ட அதே மேசைகளில் ஜப்பானிய எழுத்து எழுதப்பட்டது. இதற்கு ஏற்பாடு என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. தாளுக்கு மொழி கிடையாது. எந்த ஊரில் வைக்கிறோமோ அந்த ஊர் மக்கள் தங்கள் எழுத்தைக் கொண்டுவருகிறார்கள். கலைஞர் தன் கையெழுத்தில் ஒரு வரிகூட எழுதாமல் இருப்பதால்தான் இது நடக்கிறது.

என்றாவது ஒருநாள் இந்த மூன்று அறைகள் இருக்கும் ஊருக்கு நீங்கள் போக நேர்ந்தால், சுவரில் இருக்கும் கடிதங்களைப் படித்துவிட்டு நெகிழ்ந்துபோய் வெளியே வந்துவிடாதீர்கள். காலணியைக் கழற்றி உள்ளே போங்கள். யாருக்கு எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் இல்லாமல் போய்விட்டார் என்றால் திறந்தே விட்டுவிட்டு வாருங்கள். உயிரோடு இருக்கிறார் என்றால், உறையை ஒட்டி, வீட்டு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் தவறில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.